பிள்ளையிடம் விடாத வேலையில் பொறுப்பு எப்படி வரும்?

தொடக்கப் பள்ளிப் பெற்றோர் கூட்டங்களில், படிப்பைப் பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்கும் குறை, "பிள்ளைக்குப் பொறுப்பே இல்ல டீச்சர்" என்பதுதான். மூன்றாம் வகுப்புப் பையன் தானாகக் குளிக்கப் போவதில்லை, நான்காம் வகுப்புப் பெண் புத்தகங்களை எடுத்து வைப்பதில்லை, கை கழுவச் சொன்னால் நனைத்துக்கொண்டு ஓடி வந்துவிடுகிறது என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: வீட்டில் எந்த ஒரு வேலை, தொடக்கத்திலிருந்து முடிவு வரை, அந்தப் பிள்ளையின் வேலை என்று விடப்பட்டிருக்கிறது? பெரும்பாலும் பதில் வருவதில்லை. பை அடுக்குவது அம்மா, தண்ணீர் பாட்டில் நிரப்புவது பாட்டி, ஷூ மாட்டி விடுவது அப்பா. பிள்ளைக்கு மிஞ்சுவது "சீக்கிரம், சீக்கிரம்" என்ற சத்தம் மட்டுமே.

அறிவுரைக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. காலை வணக்கக் கூட்டத்தில் சொல்கிறோம், பாடப் புத்தகத்தில் இருக்கிறது, சுவரில் படமாகவும் வரைந்திருக்கிறோம். ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைக்குப் பெரியவர்கள் கொடுக்கத் தவறுவது வேறு மூன்று: தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு முழு வேலை, அதை மெதுவாகச் செய்து முடிக்க நேரம், செய்வதற்கு எட்டுகிற உயரத்தில் பொருள்கள். இவை இல்லாத இடத்தில் பிள்ளையைக் குறை சொல்வது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

காலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சட்டைப் பொத்தான் போட எடுத்துக்கொள்ளும் நேரம், எட்டேகாலுக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய தாய்க்கு நரகமாகத்தான் இருக்கும். அதனால் அவரே போட்டு விடுகிறார். அதில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதே பொத்தானை ஞாயிற்றுக்கிழமையும் அவரே போட்டு விடும்போதுதான் பிள்ளை பழகும் வாய்ப்பு முழுவதுமாகப் போய்விடுகிறது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து பிரம்மஞான சபையின் வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் இருந்தார். பொத்தான் போடுவது, குவளையிலிருந்து தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுவது, மேசையைத் துடைப்பது போன்ற அன்றாட வேலைகளை அவர் பாடத்திட்டத்தின் அடித்தளமாகவே வைத்தார். பிள்ளையின் கைக்கு அடங்குகிற அளவில் பொருள் வேண்டும், அதுவும் விளையாட்டுச் சாமானாக இல்லாமல் உண்மையான பொருளாக வேண்டும் என்பது அவருடைய முறை. அந்தப் பெயரைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு, மூன்று வயதிலேயே பிள்ளைகளை நோட்டில் எழுத வைக்கும் பள்ளிகள் நம் ஊர்களில் எத்தனை இருக்கின்றன என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது சாப்பாடு. கைப்பேசியில் படம் ஓட, வாய் திறக்கத் திறக்கச் சோற்றை ஊட்டிவிடும் காட்சி இன்று நகரம், கிராமம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா வீடுகளிலும் இருக்கிறது. இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு வரைகூட இது தொடர்கிறது. இப்படி வளரும் பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்ததா, இன்னும் பசிக்கிறதா என்று கவனிக்கவே தெரியாமல் போகிறது. எல்லின் சேட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர் இதில் ஒரு தெளிவான எல்லைக்கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். என்ன உணவு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளை முடிவு செய்ய வேண்டும். நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டு நூடுல்ஸ் செய்கிறோம். பிறகு "இன்னும் நாலே வாய்" என்று அளவை மட்டும் நாம் முடிவு செய்கிறோம்.

இந்தப் பழக்கத்தை மாற்ற அரசுப் பள்ளியில் ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. 1956-இல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்த மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அதாவது, ஒரு பிள்ளை பள்ளி நாள்களில் இரண்டு வேளை, தன் வயதுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, தன் கையால் சாப்பிடுகிறது. பசி தீர்ப்பதே இந்தத் திட்டங்களின் முதல் நோக்கம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சுயபொறுப்பைப் பழக்க இதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கள் பள்ளியில் பரிமாறும் முறையைச் சற்று மாற்றினோம். முதலில் எல்லோருக்கும் குறைவாக வைப்பது. வேண்டும் என்றால் பிள்ளையே தட்டை எடுத்துக்கொண்டு வந்து கேட்பது. கேட்டு வாங்கியதை மிச்சம் வைக்காமல் முடிப்பது. அவ்வளவுதான் விதி. தொடக்கத்தில் கூச்சத்தால் கேட்காமலே எழுந்த பிள்ளைகள் உண்டு, ஆசையில் இரண்டு முறை வாங்கி விழித்த பிள்ளைகளும் உண்டு. இப்போது ஒன்றாம் வகுப்புக் குழந்தை, "ஆயா, சாம்பார் போதும், சோறு மட்டும் இத்தனூண்டு வைங்க" என்று கையைக் குவித்துக் காட்டுகிறது. தன் பசியை அளந்து, அதை ஒரு பெரியவரிடம் மரியாதையாகச் சொல்லத் தெரிந்த அந்தக் குழந்தையைவிடப் பொறுப்பு அறிந்தவர் யார்? சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை வாளியில் தட்டி, தட்டைத் தானே தேய்த்து, கவிழ்த்து வைப்பது வரை அந்த வேலை அதனுடையது. தட்டின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். பரவாயில்லை, ஆயா இன்னொரு முறை அலசிவிடலாம். ஆனால் அதைப் பிள்ளையின் கண்முன் செய்யக் கூடாது.

கை கழுவுவதைப் பற்றிப் பேசும்போது எனக்கு உடனே நினைவுக்கு வருவது குழாயின் உயரம்தான். அண்ணாந்து, எக்கி நின்று குழாயைத் திறக்கும் ஆறு வயதுக் குழந்தையின் முழங்கை வழியாகத் தண்ணீர் சட்டைக்குள் இறங்குகிறது. சட்டை நனைந்தால் திட்டு விழும் என்பது அதற்குத் தெரியும். ஆகவே விரல் நுனியை நனைத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. நாம் அதற்கு வைக்கும் பெயர் சோம்பல். சோப்பும் அப்படித்தான். தலைமையாசிரியர் அறை அலமாரியில் பத்திரமாக இருக்கும் சோப்பால் யாருடைய கையும் சுத்தமாகாது. வெங்காயம் வரும் வலைப்பையில் சோப்பைப் போட்டுக் குழாயோடு கட்டித் தொங்கவிட்டால், அது தொலையவும் செய்யாது, சேற்றில் விழவும் செய்யாது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கிறோம். அந்த மாத்திரை வயிற்றில் உள்ள புழுவைக் கொல்லும். நகத்தின் அடியில் இருக்கும் முட்டை அடுத்த வேளைச் சோற்றோடு மறுபடி உள்ளே போவதை அது தடுக்காது. தடுக்க வேண்டியது கையும் சோப்பும்தான்.

இதைவிட மனதை வருத்தும் ஒன்று உண்டு. மாலையில் பையைத் திறந்தால், காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே இருக்கிறது என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். பெண் குழந்தைகளின் தாய்மார்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். காரணம் மறதி அல்ல. கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, அல்லது தண்ணீர் இல்லை, அல்லது நாற்றம் தாங்க முடியவில்லை. அங்கே போகாமல் இருப்பதற்காகப் பிள்ளை தண்ணீரே குடிக்காமல் இருக்கிறது. அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வந்த பிறகுதான் பெரியவர்களுக்கு விஷயம் தெரிகிறது. கேரளத்தில் 2019-இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே பள்ளிகளில் தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடு, எல்லாப் பள்ளிகளும் பின்பற்ற வேண்டியது. ஆனால் கழிப்பறையைச் சரிசெய்யாமல் மணி மட்டும் அடித்தால், நாம் பிள்ளையை இன்னும் பெரிய சங்கடத்தில்தான் தள்ளுகிறோம்.

கழிப்பறை என்று வந்துவிட்டதால், பலரும் பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையைப் பெருக்கித் துடைக்கும் காணொளி அடிக்கடி வாட்ஸ்அப்பில் வருகிறது. "நம் பிள்ளைகளும் இப்படி வளர வேண்டும்" என்று கீழே எழுதியிருப்பார்கள். ஆசை நல்லதுதான். அங்கே அது அன்றாட அட்டவணையில் உள்ள நேரம். குழுக்கள் முறைவைத்து மாறுகின்றன. ஒரு பிள்ளைகூட விடுபடுவதில்லை. ஆசிரியரும் கூடவே நின்று துடைக்கிறார். நம் ஊரில் "யாராவது ரெண்டு பேர் வாங்க" என்று கூப்பிடும்போது எந்த இரண்டு பேர் எழுந்து வருகிறார்கள் என்பதை நேர்மையாகக் கவனிக்க வேண்டும். பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்த செய்திகள் இந்த மாநிலத்திலிருந்தே வந்திருக்கின்றன, வழக்குகளும் பதிவாகியிருக்கின்றன. பெருக்குவதும் கோலம் போடுவதும் பெண் பிள்ளைகளுக்கு, நாற்காலி தூக்குவது பையன்களுக்கு என்ற பிரிவினையும் பல இடங்களில் கேள்வி இல்லாமல் நடக்கிறது. இப்படிச் செய்யும் வேலையில் பிள்ளை பொறுப்பைக் கற்பதில்லை. தன் இடம் இதுதான் என்ற அவமானத்தைக் கற்கிறது. எனவே வேலை முறை எழுத்தில் இருக்க வேண்டும், எல்லோர் பெயரும் அதில் சுற்றி வர வேண்டும், ஆசிரியரின் பெயரும் வர வேண்டும். கழிப்பறையைச் சுத்தம் செய்வது ஊதியம் பெறும் பணியாளரின் வேலை. அந்தப் பட்டியலில் அதற்கு இடமே கூடாது. தண்டனையாகத் துடைப்பத்தைக் கொடுப்பதும் கூடாது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. பொதுவாகப் பார்த்தாலும், நேற்று தண்டனையாக இருந்த துடைப்பத்தை இன்று பெருமையோடு எடு என்றால் எந்தப் பிள்ளை எடுக்கும்?

பரிசைப் பற்றியும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நகம் வெட்டியிருந்தால் கையில் ஸ்டார், பல் துலக்கினால் சாக்லேட் என்று போகிறோம். (பல் துலக்கியதற்குச் சாக்லேட் கொடுக்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.) 1973-இல் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் ஸ்டான்ஃபோர்டு வளாகத்து மழலையர் பள்ளியில் ஓர் ஆய்வு செய்தார்கள். படம் வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பரிசு இல்லாத நேரத்தில் கவனித்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. விருப்பமே இல்லாத வேலையைத் தொடங்கி வைக்கச் சிறிய பரிசு உதவலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை தானாக ஒரு வேலையைச் செய்யத் தொடங்கிய பிறகு அதற்கு விலை பேசாதீர்கள். "தட்டு சுத்தமா இருக்கே கண்ணு" என்று பார்த்ததைச் சொன்னால் போதும்.

பழக்கம் ஊன்ற நாள் ஆகும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று மேடைகளில் சொல்கிறார்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அவர்கள் வளர்ந்தவர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு நாம் ஒரு வாரம் சொல்லிவிட்டு அலுத்துக்கொள்வது சரியா? அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்றும் கண்டார்கள். பெற்றோர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

பொறுப்பை ஒப்படைப்பது என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதை ஒட்டி, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பால் பல்லும் விழாமலேயே அது வருவதால், பல வீடுகளில் அதையும் பால் பல் என்றே நினைத்து, சொத்தை விழுந்தாலும் "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுவதற்குமான பல், மறுபடி முளைக்காது. அந்த மூலை வரை பிரஷ்ஷைக் கொண்டுபோகும் கைத்திறன் ஏழெட்டு வயது வரை பிள்ளைக்கு முழுமையாக வருவதில்லை. எனவே பிள்ளை முதலில் தானாகத் துலக்கட்டும்; பட்டாணி அளவு பற்பசையை அதுவே பிதுக்கட்டும்; இரவில் ஒரு முறை பெரியவர் வாயைத் திறக்கச் சொல்லி அந்தப் பின்பற்களை மட்டும் துலக்கி விடட்டும்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே மாற வேண்டியது பிள்ளை அல்ல. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை ஒன்பது மணிக்காவது தூங்கியாக வேண்டும். ஒரே அறையுள்ள வீட்டில் பத்து மணி வரை தொடர் ஓடினால், அதற்குப் பிறகு ஆளுக்கொரு கைப்பேசியில் வெளிச்சம் அடித்தால், "தூங்கு" என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு?

கடைசியாக, அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அடுத்த கூட்டத்துக்குச் சும்மா கையெழுத்துப் போடப் போகாதீர்கள். போவதற்கு முன் பள்ளியை ஒரு முறை சுற்றி வாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை அழைத்துக் குழாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கைக்கு எட்டவில்லை என்றால், கீழே சிமெண்ட் படி ஒன்று கட்டித் தரச் சொல்லுங்கள். சோப்பு எங்கே இருக்கிறது, பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தாழ்ப்பாள் விழுகிறதா, கழுவுபவர் யார், அவருக்கு ஊதியம் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்கச் சொல்லுங்கள்.