விளக்கைத் திட்டாதீர்கள், ஒயரிங்கைப் பாருங்கள்

திறந்தவெளியில் எல்.இ.டி. ஸ்ட்ரிப்களால் (விளக்குப் பட்டைகளால்) கட்டிய ஒளிக்குகை இருண்டுபோகிற அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாயிற்று. ஒளிக்குகைக்குள் போகிறவர்களுக்குப் பாதி வழியில் வெள்ளை மஞ்சளாகிறது, மஞ்சள் சிவப்பாகிறது, கடைசியில் இருட்டில் தடவிக்கொண்டு வெளியே வருகிறார்கள். கீழே எல்லோரும் ஒரே தீர்ப்பு: "மட்டமான எல்.இ.டி."

இல்லை சாமி. விளக்கு நல்ல விளக்குதான். கோளாறு ஒயரிங்கில்.

டபிள்யூ.எஸ்.2812பி என்பது ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக நிறம் மாற்றக்கூடிய 5 வோல்ட் ஸ்ட்ரிப்; மீட்டருக்கு 60 பிக்சல், அதாவது 60 விளக்குப் புள்ளிகள். முழு வெள்ளையில் ஒரு பிக்சல் சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 5 மீட்டருக்கு 300 பிக்சல், 18 ஆம்பியர். அத்தனையையும் ஒரே முனையில் கொடுத்தால், ஸ்ட்ரிப்பில் இருக்கிற மெல்லிய செம்பு தாங்குமா? 5 வோல்ட் போகிற வழியிலேயே கரைந்துவிடும். நீலத்துக்கும் பச்சைக்கும் சுமார் 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 போதும். அதனால்தான் கடைசியில் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. அதையும் ஒருவர் "அஸ்தமன எஃபெக்ட்" என்று ரசித்து எழுதியிருந்தார். நன்றாக இருக்கட்டும்.

இரண்டு முனையிலும் பவர் கொடுக்க வேண்டும், நீளம் கூடினால் நடுவிலும். ஒவ்வோர் இடத்துக்கும் தனித் தடித்த ஒயர், தனி ஃபியூஸ். எந்தப் பிக்சல் என்ன நிறம் என்று டேட்டா அனுப்புகிற கன்ட்ரோலருக்கும் பவர் சப்ளைக்கும் கிரவுண்ட் (மைனஸ் ஒயர்) ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்டபடி மினுக்கும். இதில் என்ன ராக்கெட் விஞ்ஞானம்?

"12 வோல்ட் போட்டிருக்கலாமே" என்பீர்கள். போட்டிருக்கலாம். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பான டபிள்யூ.எஸ்.2815இல் ஒரு பிக்சல் செத்தாலும் டேட்டா அடுத்ததுக்குப் போக இன்னொரு வழி உண்டு; 2812பியில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் எல்லாம் இருட்டு. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதையும் ஒரே முனையில் செருகி நீட்டிக்கொண்டே போனால்? திரும்பவும் ஒயரிங்தான்.

"மழை பெய்துவிட்டதே!" திறந்தவெளியில் வைத்தவர்களுக்கு மழை என்று ஒன்று இருப்பதே தெரியாது போலிருக்கிறது. பெட்டியில் ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாது) என்று போட்டிருப்பது ஸ்ட்ரிப்புக்கு, நீங்கள் வெட்டிச் சாலிடர் வைத்த இடத்துக்கு அல்ல. அங்கே உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) வேண்டும். வினிகர் நெடி அடிக்கிற சிலிகானை அப்பினால் அதுவே செம்பை அரிக்கும், அந்த நெடி இல்லாத நியூட்ரல் க்யூர் சிலிகான்தான் வேண்டும். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் குழந்தைகளை உள்ளே விட்டிருந்தால் அதைப் பற்றி நான் இங்கே எழுத முடியாது, வாயில் வேறு வார்த்தை வரும்.

"வெளிநாட்டில் எல்லாம் ஓடுகிறதே" என்று ஒரு கூட்டம். அமெரிக்க ஒளிக் கலைஞர் லியோ வில்லாரியல் 2008இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் நடைபாதையில் அமைத்ததில் சுமார் 41,000 விளக்குகள். கட்டடத்துக்குள் மழை ஏது? அவரே 2013இல் சான் பிரான்சிஸ்கோவின் பே பிரிட்ஜ் பாலத்தில் தொடங்கிய 25,000 விளக்குகள் கொண்ட படைப்பு உப்புக்காற்றிலும் அதிர்விலும் பழுதாகிக்கொண்டே வந்து, 2023இல் அணைக்கப்பட்டது. அதை யாரும் மட்டம் என்று சொல்லவில்லை. மறுபடி ஏற்ற நிதி திரட்டினார்கள்.

இங்கே வடிவமைத்த கலைஞரின் பெயர், பணம் கொடுத்தவர் பெயர், ரிப்பன் வெட்டியவர் பெயர் எல்லாம் பலகையில் ஏறும். ஏணியில் ஏறி ஒயர் இழுத்தவன் பெயர் எங்கே? இருட்டானதும் மட்டும் அவனைத் தேடுகிறார்கள். திறப்புக்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்க, முழு வெள்ளையில் ஓடவிட்டுக் கடைசிப் பிக்சலில் மல்டிமீட்டர் வைத்து வோல்ட் எவ்வளவு என்று பார்க்க அவனுக்கு நேரம் கொடுத்தீர்களா? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.