விடுதி அறைக்குப் பட்டியலில் விடுபட்டவை

விடுதியில் சேரும் பிள்ளைகள் கொண்டுசெல்ல வேண்டிய பொருள்கள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, போர்வை, வாளி, பூட்டு என்று தந்த பட்டியல் சரியானதே. எனினும் வேறு சிலவும் அவசியம் என்று கருதுகிறேன். பல அறைகளில் மூவருக்கு ஒரே பிளக் பாயிண்ட்தான் இருக்கும் என்பதால், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, நீளமான வயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைக் கட்டாயம் கொடுத்தனுப்புங்கள். ஆனால் அது கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் மட்டுமே. 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் இழுக்கும் என்பதால், அதை 6 ஆம்பியர் மட்டுமே தாங்கும் பிளக்கில் செருகுவது, விடுதி விதிகள் அனுமதித்தாலும், ஆபத்தானது. துணி உலர்த்தக் கொடிக்கயிறும் கிளிப்புகளும் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, வயிற்றுப்போக்கில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். தூள் பொட்டலங்களை; ஏனெனில் மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நள்ளிரவில் வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக்கடையைத் தேடி அலைய முடியாது. 1 லிட்டருக்கான பொட்டலத்தைப் பாதி பாதியாகப் பிரிக்காமல், 1 லிட்டர் குடிநீரில் முழுவதும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள்.