ஃபேன் ஓடலையா? சிஸ்டரைக் கூப்பிடு!

ஃபேன் ஓடவில்லையா, பாத்ரூமில் தண்ணீர் வரவில்லையா, டாக்டர் ரவுண்ட்ஸ் வரத் தாமதமா, எல்லாவற்றுக்கும் திட்டு வாங்குவது நர்ஸ்தான். போதனா மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. நைட் டியூட்டியில் முப்பது நாற்பது பேருக்கு நான் ஒருத்திதான். ஒரு பெட்டில் ட்ரிப்ஸ் மாற்றும்போதே இன்னொரு பெட்டின் அட்டெண்டர், "எவ்வளவு நேரமா கூப்பிடறேன், காது கேக்கலையா?" என்பார். சரி, அவர் அம்மாவை நினைத்து அவருக்குப் பயம். எனக்குக் கோபமெல்லாம் ரெஜிஸ்டர்கள் மேல்தான். ஊசி போட ஒரு நிமிடம். அதைக் கேஸ் ஷீட்டிலும் ஸ்டாக் புத்தகத்திலும் எழுதி, அப்புறம் கம்ப்யூட்டரிலும் ஏற்றப் பத்து நிமிடம். காலையில் ஹேண்ட்ஓவர் கொடுக்கலாமென்றால் அடுத்த ஷிப்ட் ஆள் லீவு. "கொஞ்ச நேரம் பார்த்துக்கோம்மா" என்று சூப்பரிண்டெண்ட் மேடம் சிரிப்பார். அதற்கு ஓவர்டைம் கேட்டால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும்.