ஏரிக்கு நாலு பக்கமும் கரை எதற்கு?

சென்னையில் ஒரு ஏரியைச் சீரமைத்துவிட்டோம் என்றால் என்ன செய்திருப்பார்கள்? சுற்றிலும் கரை, கரைமேல் கலர் கல் பதித்த நடைபாதை, கம்பி வேலி, நாலு பெஞ்சு, முகப்பில் ஒரு செல்ஃபி பலகை. ஏரிக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று மட்டும் கேட்க ஆளில்லை.

நம்மூர் ஏரிக்குப் பள்ளத்துப் பக்கம்தான் கரை. மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். வரத்துக் கால்வாயில் வருவது போக, நிலத்தின்மேல் பரவி வருகிற மழைநீரும் அந்த வழியாகத்தான் இறங்கும். அங்கேயும் கரையை எழுப்பிவிட்டு, "குழாய் பதித்திருக்கிறோமே" என்கிறார்கள். ஐப்பசியின் முதல் பெருமழையிலேயே பிளாஸ்டிக்கும் மண்ணும் சேர்ந்து அந்தக் குழாயை அடைத்துவிடும். பிறகு தெருவில் முழங்கால் தண்ணீர், ஏரியில் பாதித் தண்ணீர்.

தூர்வாருவதிலும் இதே கோளாறு. கரையடியை ஒட்டித் தோண்டினால் கரை பலவீனப்படும்; தள்ளித்தான் தோண்ட வேண்டும். அள்ளிய மண்ணை ஏரியின் மேட்டுப் பக்கத்திலேயே கொட்டினால், அது ரெண்டே வருஷத்தில் மனையாகிவிடும். மண் எங்கே போகிறது என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கலங்கல், அதாவது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம். உள்வாயில், அதாவது ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டிய பரப்பில், வீடு கட்டியவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று புகார் கொடுத்தால், உடனே கலங்கலை உடைத்துத் தாழ்த்துவது வழக்கமாகிவிட்டது. ஒரு அடிதானே என்று தோன்றும். 100 ஏக்கர் பரப்புள்ள ஏரியில் ஒரு அடி என்பது ஏறக்குறைய 12 கோடி லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அளந்தால் பத்தாயிரம் லோடுக்கு மேல். அதை ஒரே நாளில் கடப்பாரையால் தொலைத்துவிடுகிறோம்.

ஏரியைத் தனியாகப் பார்ப்பதே தப்பு. சென்னையின் தெற்கே செம்பாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் நன்மங்கலம் ஏரிக்குப் போகும், அடுத்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய். பள்ளிக்கரணைக்கு 2022இல் ராம்சார் தகுதி, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது, சந்தோஷம்தான். ஆனால் மேலே ஒரு போக்குக் கால்வாய் சுருங்கினாலும் கீழே இருக்கிற தெரு மூழ்கும், அதற்கும் கீழே இருக்கிற ஏரி காயும். உங்கள் பகுதிக் கால்வாயின் அகலம் என்ன என்பதை நேரில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்குமான அளவுப்படம்), அ-பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) மூன்றையும் எடுத்து சர்வே எண்ணோடு ஒப்பிடுங்கள். படத்தில் இருக்கிற ஓடை தரையில் வீட்டுச் சுவராக நிற்கும்.

சித்திரை வெயிலில் ஏரி தளும்பி, ஆகாயத்தாமரை பச்சைப்பசேலென்று படர்ந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது பெரும்பாலும் சாக்கடை. மழையில்லாத மாதத்தில் எந்தக் கால்வாயில் ஓட்டம் இருக்கிறதோ, அதைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தால் சாக்கடை இணைப்பு எங்கே என்று தெரிந்துவிடும்.

இனி நிலத்தடி. ஏரியில் நிற்கும் தண்ணீர் ஊறித்தான் பக்கத்துக் கிணறுகள் சுரக்கின்றன. தண்ணீர் லாரிக்காரர்களும் அங்கேதான் மோட்டார் வைக்கிறார்கள். இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை: சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987லேயே வந்தது. மாநிலம் முழுமைக்கும் 2003இல் கொண்டுவந்த சட்டமோ நடைமுறைக்கே வராமல் 2013இல் ரத்தானது. ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரத்து மணலில் நிலைமை இன்னும் நுணுக்கமானது. அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். வடக்கே மீஞ்சூரில் உறிஞ்சி உறிஞ்சி உப்பு உள்ளே வந்ததை எல்லாரும் பார்த்தாயிற்று.

மாடியில் விழும் மழைநீரை மண்ணுக்குள் இறக்க அபார்ட்மெண்ட்காரர்கள் செய்ய வேண்டியது தனி. 1000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் 4,600 லிட்டர் இறங்கும். 3 அடி விட்டம், 15 அடி ஆழ உறைகிணறு கொள்வது சுமார் 3,000 லிட்டர். அதையும் ஜல்லி போட்டு நிரப்பினால் பாதிக்கு மேல் இடம் போச்சு; அடைத்துக்கொண்டால் தூரெடுக்கவும் முடியாது. கிணற்றைக் காலியாக விடுங்கள். ஜல்லியும் நைலான் வலையும் கிணற்றுக்கு முன்னால் கட்டும் இரண்டரை அடித் தொட்டியில் இருக்கட்டும். முதல் மழையின் அழுக்கைத் தள்ளிவிட குழாயில் ஒரு வால்வு வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் இவ்வளவு போதும். அண்ணா நகர், கோடம்பாக்கம் களிமண்ணில் கிணற்றின் அடியிலிருந்து மணல் அடுக்கு வரை ஒரு போர் இறக்க வேண்டும். வேளச்சேரி, ஆதம்பாக்கம் பாறையில் புதுக் குழி வீண் செலவு. பழைய கிணறு இருந்தால் மாடித் தண்ணீரை அதில் விடுங்கள். அந்தக் கிணற்றை மூடி கார் நிறுத்தியிருந்தால், முதலில் காரை எடுங்கள்.

2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழிகளில் பல இன்று சிமெண்ட் மூடிக்குக் கீழே சேறு நிரம்பிக் கிடக்கின்றன. ஆவணி, புரட்டாசிக்குள் மூடியைத் திறந்து பாருங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது இறங்குகிறதா நிற்கிறதா என்று பார்த்தாலே அசோசியேஷன் கூட்டத்தில் பேச விஷயம் கிடைத்துவிடும்.