முழங்கால் உயர நடைபாதை

அம்மாவுக்கு 72 வயது. சென்னை மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்தை அம்மா ஒருநாளும் நடைபாதையில் கடப்பதில்லை. சாலையோரமாக, முதுகுக்குப் பின்னால் ஹாரன் ஒலிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டு ஒதுங்கியபடி நடக்கிறார்.

நடைபாதை இல்லாமல் இல்லை. முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது. ஏறிப் பத்தடி நடந்தால் ஒரு வீட்டு கேட்டுக்காக இறங்க வேண்டும். மறுபடி ஏறினால் மின்பெட்டி. அதைச் சுற்றிக்கொண்டு வந்தால் யாரோ பைக்கை நிறுத்தியிருக்கிறார்கள். மூட்டுவலிக்காரருக்கு இது நடைபாதையா, உடற்பயிற்சியா?

ஏன் இவ்வளவு உயரம் என்று ஒரு பொறியாளரிடம் கேட்டேன். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டே வந்தால் சாலை உயரும். சாலை உயர்ந்தால் நடைபாதையையும் உயர்த்துவார்கள். வீடுகள் பள்ளத்துக்குள் போகும் என்றார். ஒவ்வொரு மழைக்கும் எங்கள் வாசலில் தண்ணீர் நிற்பதன் ரகசியம் அன்றைக்குத்தான் புரிந்தது.

விதி இல்லாத ஊரில்லை இது. நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, தடையில்லாமல் நடக்கும் அகலம் மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி. எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் விலகிப் போக அவ்வளவு அகலம் வேண்டும். போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதத்தையாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒதுக்குவது என்று சென்னை மாநகராட்சி 2014இலேயே கொள்கை வகுத்தது. காகிதத்தில் நாம் எப்போதும் முன்னோடிகள்தான்.

ஆனால் செய்தால் நடக்கும் என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. 2019 நவம்பரில் தியாகராய நகர்க் கடைவீதியான பாண்டி பஜாரை மாற்றி அமைத்துத் திறந்தார்கள். வாகனத்துக்கான இடத்தைக் குறுக்கி, இருபுறமும் நடைபாதையை அகலமாக்கி, உட்கார இருக்கைகளும் போட்டார்கள். கார் நிறுத்த இடமில்லாவிட்டால் எவன் வருவான் என்று என் சித்தப்பா அப்போது சிரித்தார். இப்போது தீபாவளித் துணி எடுக்க முதல் ஆளாகக் கிளம்புவது அவர்தான். அங்கேயும் குறை உண்டு: அவ்வப்போது நடைபாதையில் பைக் ஏறிவிடுகிறது. இருந்தாலும் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் தாத்தாக்களை அந்தத் தெருவில்தான் பார்க்கிறேன்.

மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பேருந்து நிலையத்துக்கு 2023இல் ஆகாய நடைமேம்பாலம் திறந்தார்கள். பயனுள்ளதுதான், நானும் அதில் போகிறேன். ஆனாலும் ஒரு நெருடல். வண்டி சமதரையில் ஓட, நடப்பவன் மேலே ஏறிப் போக வேண்டும் என்பது என்ன நியாயம்? மேம்பாலத்துக்குச் செலவழிக்க மனம் வருகிறது. ஒரு மின்பெட்டியை நான்கடி நகர்த்தத்தான் வருவதில்லை.

நடைபாதை ஆக்கிரமிப்பு என்றதும் பூக்கார அம்மாவை விரட்டக் கிளம்பிவிடாதீர்கள். அவர் கூடை கேட்பது இரண்டடி. ஒரு கார் நிற்கும் இடத்தில் எத்தனை கூடைகள் வைக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மருத்துவர் அம்மாவைத் தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் வாரத்தில் இரண்டு மாலைகள் நாங்கள் பாண்டி பஜாருக்குப் போகிறோம். அங்கே மட்டும் அவர் என் கையைப் பிடித்துக்கொள்வதில்லை. நடப்பதற்காக ஆட்டோ பிடித்துப் போகும் குடும்பம் எங்களுடையது. போக 80 ரூபாய், வர 100.