ஏ.சி. வகுப்பறையும் சானிடைசர் பாட்டிலும்

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நடந்ததை வாட்ஸ்அப் குழுவில் நீங்களே அலசிக் காயப்போட்டுவிட்டீர்கள் என்பதால் முழுக்கதையையும் இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஃப்ளூ காய்ச்சலில் படுத்துவிட்ட பிறகும் அந்த அறையின் ஜன்னல்களை ஏன் திறக்கவில்லை என்று மட்டும்தான் கேட்டேன். "ஜன்னலைத் திறந்து வைப்பதற்கா சார் ஏ.சி. ஃபீஸ் வாங்குகிறோம்?" என்று மேடையிலிருந்து பதில் வந்தது, கூடம் சிரித்தது. அதைக்கூட விட்டுவிடுவேன். ஆனால் அன்று இரவே குழுவில் ஒருவர், "ஏ.சி. ரிப்பேர் செய்கிறவர் எல்லாம் டாக்டருக்குப் பாடம் எடுக்கக் கிளம்பிவிட்டார்" என்று எழுத, அதற்குக் கீழே கைதட்டல் பொம்மைகள் வரிசையாக விழுந்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

ஆமாம், நான் ஏ.சி. வேலை செய்கிறவன்தான். அதனால்தான் கேட்டேன். பிள்ளையின் தொண்டையைப் பார்த்து மருந்து எழுதுவது மருத்துவரின் வேலை; அந்தப் பிள்ளை ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் அறையில் காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்ப்பது என் வேலை. அந்த அறையில் காற்று எங்கிருந்தும் வரவில்லை, எங்கேயும் போகவில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று நன்றாகப் படித்தவர்களே நம்புகிறார்கள். மொட்டைமாடியில் ஓடும் அவுட்டோர் யூனிட்டைக் காட்டி, அதுதான் காற்றை இழுத்து உள்ளே அனுப்புகிறது என்று எனக்கே விளக்கியவர்கள் உண்டு. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே இருப்பது செம்புக் குழாய், அதில் ஓடுவது கேஸ். அறையின் வெப்பம் அந்தக் கேஸ் வழியாக வெளியே போகிறதே தவிர, காற்று போவதும் இல்லை, வருவதும் இல்லை. உள்ளே இருக்கும் காற்றையே உறிஞ்சி, குளிரவைத்து, அதே அறைக்குள் திரும்ப ஊதுகிறது. இன்டோர் யூனிட்டின் மூடியைத் தூக்கினால் தெரியும் நைலான் வலையைச் சர்வீஸின்போது குழாயடியில் பிடித்தால் சாம்பல் நிறத்தில் தூசியும் தலைமுடியும் திரிதிரியாகக் கழன்று ஓடும். அது பிடிப்பது அவற்றைத்தான். ஃப்ளூ வைரஸ் அந்த வலையைக் கவனிக்கக்கூடச் செய்யாது. பழைய விண்டோ ஏ.சி.யிலாவது வெளிக்காற்றுக்கென்று சின்னத் திறப்பு ஒன்று இருந்தது. அதையும் யாரும் திறந்ததில்லை என்பது வேறு விஷயம். பெரிய கட்டடங்களின் டக்ட் ஏ.சி.யில் வெளிக்காற்றுக்கு வழி உண்டு, ஆனால் கரண்ட் பில்லுக்குப் பயந்து அந்த வழியின் கதவான டேம்பரை இழுத்து மூடிவைத்திருக்கும் இடங்களை என் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அன்று கூட்டத்தில் என் பையிலிருந்த கார்பன் டை ஆக்சைடு மீட்டரை எடுத்து மேசைமேல் வைத்திருந்தேன். வெளியே திறந்தவெளியில் ஏறத்தாழ 420 பி.பி.எம்., அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு, காட்டும் கருவி அது. "பிள்ளைகளுக்குக் கை சுத்தத்தைக் கற்றுக்கொடுங்கள்" என்று மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது அது 2000த்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. நாம் வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 40,000 பி.பி.எம். இருக்கும். வெளிக்காற்றின் 420ஐக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2000 என்று காட்டும் அறையில் இழுக்கும் மூச்சில் 25இல் ஒரு பங்கு, அங்கே இருக்கிற யாரோ ஏற்கெனவே விட்ட மூச்சு. பக்கத்தில் இருந்தவரிடம் இதைக் காட்டினேன். அவர் கருவியின் விலையைக் கேட்டார்.

"ஃப்ளூ காற்றில் பரவாது, இருமும்போது தெறிக்கும் துளியில்தான் பரவும், ஆறடி தள்ளி இருந்தால் போதும்" என்று ஒரு மருத்துவர் அனுப்பிய குரல்பதிவையும் குழுவில் போட்டிருக்கிறீர்கள். பெரிய துளிகளாலும் பரவும், கையாலும் பரவும், மறுக்கவில்லை. ஆனால் "காற்றில் பரவாது" என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? அடுக்களையில் காய்ந்த மிளகாய் தாளித்தால் திண்ணையில் பேப்பர் படிப்பவர் தும்முகிறார். அவர்மேல் எண்ணெய்த் துளி எதுவும் தெறிக்கவில்லை. மூச்சிலும் பேச்சிலும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகளும் அப்படித்தான் மிதக்கின்றன. 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துளி ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வர, அசையாத காற்றிலேயே அரை மணி நேரம் ஆகும். அதைவிடச் சிறியவை மணிக்கணக்கில் மிதக்கும். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 142 ஃப்ளூ நோயாளிகளின் மூச்சைப் பிடித்துச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். நுண்துளி மாதிரிகளில் 39 சதவீதத்தில் உயிருள்ள, தொற்றக்கூடிய வைரஸ் இருந்தது. அதற்கு இருமக்கூட வேண்டியதில்லை, மூச்சு விட்டாலே போதும் என்று கண்டார்கள்.

பழைய சான்று வேண்டுமா? 1977இல் அலாஸ்காவில் 54 பேர் இருந்த ஒரு விமானம் இன்ஜின் கோளாறால் கிளம்ப முடியாமல் தரையிலேயே மூன்று மணி நேரம் நின்றது. அந்த நேரத்தில் அதன் காற்றோட்ட அமைப்பு வேலை செய்யவில்லை. உள்ளே ஃப்ளூவுடன் ஒரு பயணி இருந்தார். 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். யார் அதிக நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தாரோ அவருக்கு ஆபத்தும் அதிகம். முன் வரிசையிலும் பின் வரிசையிலும் இருந்தவர்கள்மேல் எல்லாம் ஒரே ஆள் எப்படித் துளி தெறிக்கவைத்தார் என்று குரல்பதிவு மருத்துவர் விளக்கினால் நன்றாக இருக்கும்.

1957இல் ஆசிய ஃப்ளூ வந்ததே, சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியாக நம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி இந்தியாவுக்குள் நுழைந்த அதே ஃப்ளூ, அது கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கும் போனது. அங்கே சில வார்டுகளில் மட்டும் உத்தரத்தை ஒட்டிப் புற ஊதா விளக்குகள் பொருத்தியிருந்தார்கள். விளக்கு எரிந்த வார்டுகளில் ஃப்ளூ பிடித்தது 2 சதவீதம் பேருக்கு. விளக்கு இல்லாத வார்டுகளில் 19 சதவீதம். உத்தரத்து விளக்கு யாருடைய கையையும் கழுவிவிடாது, முகத்தில் தெறிக்கும் துளியையும் நிறுத்தாது. மேலே எழும்பும் காற்றில் இருக்கும் கிருமியைத்தான் கொல்லும். இது வெளியானது 1961இல். நாம் 2020இல்கூடக் காய்கறியைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம்.

கோவிட் பற்றிப் பேசினால் உடனே அரசியல் என்பீர்கள், ஆகவே சுருக்கமாக முடிக்கிறேன். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் கோவிட் காற்றில் பரவாது என்று அடித்துச் சொன்னது. அந்த ஜூலையில், காற்றிலும் பரவும் என்று 239 விஞ்ஞானிகள் சேர்ந்து கடிதம் எழுதினார்கள். அவர்களில் காற்றையும் கட்டடங்களையும் ஆராய்கிற பொறியாளர்கள் பலர். அவர்களையும் "டாக்டரா நீங்கள்?" என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே அதே நிறுவனம் ஓர் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நம் பள்ளிகளில் அதைப் படித்தவர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. சானிடைசர் பாட்டிலைப் பையில் மாட்டும் வளையம் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

கை கழுவுவதை நான் கிண்டல் செய்யவில்லை. வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, டைஃபாய்டு எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஃப்ளூவுக்கும் ஓரளவு உதவும். ஆனால் பிள்ளை நிமிடத்துக்கு இருபது தடவை மூச்சு விடுகிறது. அதற்கு என்ன பாட்டில் வைத்திருக்கிறீர்கள்?

எங்கள் பெரியப்பா எழுபதுகளின் இறுதியில் தாம்பரம் சானடோரியத்தில் டி.பி.க்குப் படுத்திருந்தார். அம்மாவுடன் சாப்பாட்டுக் கேரியர் தூக்கிக்கொண்டு போன நினைவு எனக்கு இருக்கிறது. ஆளை அண்ணாந்து பார்க்கவைக்கும் உயரத்தில் கூரை. ஆளுயர ஜன்னல்கள் இரண்டு பக்கமும் எதிரெதிராக. அதற்கு வெளியே அகலமான தாழ்வாரம். மழைக்காலத்திலும் ஜன்னலைச் சாத்த விடமாட்டார்கள், பெரியப்பா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நர்ஸம்மாவைத் திட்டுவார். டாக்டர் சௌரிமுத்து 1928இல் அதைத் தொடங்கியபோது டி.பி.க்கு மருந்தே கிடையாது. காற்றையும் வெளிச்சத்தையும் நம்பிக் கட்டிய இடம் அது. "அந்தக் காற்றால் யாருக்காவது டி.பி. குணமானதா?" என்று கேட்கத் தயாராக இருப்பீர்கள். இல்லைதான். ஐம்பதுகளின் இறுதியில் சென்னையில் நடந்த ஆய்வே அதைக் காட்டியது: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தாலும் சானடோரியத்தில் இருந்தாலும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். காற்று நோயைக் குணப்படுத்தும் என்று நான் சொல்லவே இல்லை. ஒருவர் விட்ட மூச்சு அடுத்தவர் நெஞ்சுக்குள் போகாமல் அது கலைத்துவிடுகிறது. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் இதை அளந்து 2007இல் வெளியிட்டார்கள். ஜன்னல்களைத் திறந்துவைத்தால், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய உயரக் கூரைக் கட்டடங்களில் அறையின் காற்று மணிக்கு 40 தடவை மாறியது, புதுக் கட்டடங்களில் 17 தடவை. லட்சக்கணக்கில் செலவழித்து இயந்திரம் வைத்த தனி அறைகளில் 12 தடவை. எங்கள் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டுத்தான் இந்த ஏ.சி. பிளாக்கைக் கட்டியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

விவரம் தெரிந்த ஒரு நண்பர் தனிச்செய்தியில் பிரிட்டனில் நடந்த சோதனையைக் காட்டி மடக்கினார். ஃப்ளூ வைரஸை மூக்கில் ஏற்றிய ஆட்களோடு நல்ல உடல்நிலையில் இருந்த 75 பேரை ஒரே இடத்தில் பல நாள் பழகவிட்டார்கள். ஒரே ஒருவருக்குத்தான் தொற்றியது. "பார்த்தீர்களா, அப்படியெல்லாம் பரவாது" என்கிறார். அதே ஆராய்ச்சியாளர்கள் முன்னோட்டமாக நடத்திய சிறிய சோதனையில் இதைவிட அதிகம் பேருக்குத் தொற்றியதையும், அந்த இடத்தில் இல்லாத இயந்திரக் காற்றோட்டம் இந்த இரண்டாம் இடத்தில் இருந்ததையும், அதனால் காற்றுவழிப் பரவலுக்குப் பங்கு இருக்கலாம் என்று அவர்களே எழுதியதையும் நண்பர் படிக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு எதிராகக் கொண்டுவந்த சாட்சி என் பக்கம் பேசிவிட்டுப் போயிருக்கிறது.

கொசு வரும் என்கிறார்கள். வலை அடியுங்கள். சத்தம் வரும் என்கிறார்கள். வரட்டும். கரண்ட் பில் கூடும் என்பது மட்டும் நியாயமான பேச்சு. சென்னையின் ஈரக்காற்றைக் குளிரவைக்க ஏ.சி. கூடுதலாக உழைக்கத்தான் வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு நொடிக்கு 400 லிட்டர் வெளிக்காற்று என்றால் சும்மா இல்லை. ஆனால் நான் நாள் முழுக்கத் திறந்துவைக்கச் சொன்னேனா? ஒவ்வொரு பீரியடுக்கும் நடுவே பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்கச் சொன்னேன். ஒரு பக்கச் சுவரில் பன்னிரண்டு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலை விரற்கடை அளவு திறந்துவைக்கச் சொன்னேன். அறையின் காற்று மணிக்கு ஆறு தடவை மாறினால், ஏற்கெனவே மிதக்கும் கிருமியில் 99 சதவீதம் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் வெளியேறிவிடும். பூட்டிய அறையில் அது பள்ளி விடும் நேரம்வரை சேர்ந்துகொண்டே போகும். அதுவும் நம் ஊரில் ஃப்ளூ உச்சத்துக்கு வருவதே அக்டோபர், நவம்பர் மழையில்தான். வெளியே வெயிலே இல்லாத அந்த மாதங்களில் எதற்காக ஏ.சி. ஓடுகிறது என்று கேட்டால், "ஃபீஸ் கட்டியிருக்கிறார்களே" என்கிறார்கள். கட்டிய காசுக்குக் குளிர் வேண்டும். காற்றுக்கு ரசீது இல்லாததால் அது யாருக்கும் வேண்டாம்.

எனக்கு உண்மையில் வலித்தது அந்த "ரிப்பேர்காரர்" அல்ல. மூன்றாம் வகுப்பு மிஸ் கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் என்னை நிறுத்தி, மத்தியானத்துக்கு மேல் தினமும் தலை கனக்கிறது, பிள்ளைகள் மேசையில் சாய்ந்துவிடுகின்றன, தானே ஜன்னலைத் திறந்தால் மெமோ வருகிறது என்று சொன்னார். கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. எனக்கு நடந்ததைப் பார்த்துக்கொண்டுதானே அவரும் நின்றிருந்தார். காய்ச்சல் வந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு "சுகாதாரத்தில் கவனம் தேவை" என்று சுற்றறிக்கை போகிறது. வீட்டில் சுத்தமில்லை என்று அதற்குப் பொருள். அறையைப் பூட்டிவைத்தவர்களுக்கு எந்தச் சுற்றறிக்கையும் போகாது. சிரித்தவர்களுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளையும் அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

திங்கட்கிழமை இதைக் கடிதமாக எழுதி நிர்வாகத்திடம் கொடுக்கிறேன். ஃபேனுக்கு மட்டும் அவர்கள் காசு கொடுத்தால் போதும். சுவரை உடைத்து மாட்டும் கூலி வேண்டாம், நானும் என் பையன்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவோம். வேலை முடிந்த பிறகு மீட்டரை வகுப்பிலேயே தொங்கவிடுகிறேன், யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். கடிதத்தில் கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் பிள்ளையின் வகுப்பையும் பிரிவையும் குறிப்பிட்டு இன்பாக்ஸில் எழுதுங்கள். குழுவில் எழுத வேண்டாம்.