முகாம் நாளன்று வராத பிள்ளைகள்

நீலகிரியில் பதின்பருவப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்குப் பள்ளிக்கூடத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆண்டில் ஒரே ஒரு நாள் முகாம் நடத்தி, அன்று வந்திருந்த பிள்ளைகளுக்கு மட்டும் ஊசி போட்டு, பதிவேட்டில் எண்ணிக்கையை எழுதி முடித்துவிடும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. நான் மருத்துவம் படித்தவன் அல்லன். கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளியொன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறவன். ஊசி போடுகிறவருக்கும் போட்டுக்கொள்கிறவருக்கும் நடுவே படிவத்தைக் கொடுத்து வாங்கும் வேலை எப்போதும் வகுப்பாசிரியர் தலையில்தான் விழுகிறது என்பதால், அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

கைக்குழந்தையின் தடுப்பூசியில் நம் மாநிலம் பெயர் பெற்றது. தாய்க்கு அட்டை இருக்கிறது, அந்த அட்டையைப் பார்த்து வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார், அங்கன்வாடி இருக்கிறது. குழந்தை பள்ளிக்கூட வயதை எட்டியதும் அந்த அட்டை டிரங்குப் பெட்டியின் அடிக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு பத்து வயதில் ஒன்றும் பதினாறு வயதில் ஒன்றுமாக டிடி (Td) ஊசி இருக்கிறது என்பது பெற்றோர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. முன்பு ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) மட்டுமான டிடீ (TT) ஊசியாக இருந்ததை மாற்றி, தொண்டை அடைப்பானுக்கான (டிப்தீரியா) மருந்தையும் சேர்த்துச் சில ஆண்டுகளாகத் தருகிறார்கள். குழந்தைப் பருவத்தில் போட்ட ஊசியின் காப்பு வயது ஏற ஏறத் தேய்ந்துபோவதே இதற்குக் காரணம். தொண்டை அடைப்பான் பழைய காலத்து நோய்தானே என்று யாரேனும் கேட்டால், நாடுகாணி கடந்து இறங்கினால் வரும் மலப்புரம் மாவட்டத்தைச் சொல்வேன். 2016-இல் அங்கே அந்த நோய் பரவியபோது பதின்வயதுப் பையன்கள் இருவர் இறந்தார்கள். கூடலூர்க்காரர்கள் வாரச் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் மருத்துவத்துக்கும் போய்வருகிற மாவட்டம் அது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய்ப் போட்டுக்கொள்ளலாமே என்று சமவெளியில் இருந்துகொண்டு சொல்வது எளிது. பச்சைத் தேயிலை பறிக்கும் தாய்க்கு ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் கூலி. கீழ்க்கோத்தகிரிப் பக்கமோ மஞ்சூருக்கு அப்பாலோ இருக்கும் ஊருக்குக் காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து என்றால், ஐந்து நிமிட ஊசிக்கு ஒரு பகல் முழுவதும் போய்விடும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் அந்தப் பகலைச் செலவழிப்பார்கள். நன்றாக ஓடி விளையாடும் பதினைந்து வயதுப் பிள்ளைக்காகச் செலவழிக்க மாட்டார்கள். அதை அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். மலைநாடுகளின் அனுபவமும் இதைத்தான் காட்டுகிறது. பூட்டான் 2010-இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான எச்பிவி தடுப்பூசியைப் பள்ளிகளில் தொடங்கியது; அடுத்த ஆண்டு முதல் அதைச் சுகாதார நிலையங்களுக்கு மாற்றியதும் போட்டுக்கொண்ட பெண்பிள்ளைகளின் விகிதம் சரிந்தது; 2014-இல் மறுபடி பள்ளிக்கே கொண்டுவந்த பின் ஏறியது. நம் நாட்டிலேயே சிக்கிம் 2018-இல் அதே ஊசியைப் பள்ளிகள் வழியாகப் போட்டு, தகுதியுள்ள சிறுமியரில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் எட்டியது. ஊசி அதேதான், போட்டவர்களும் செவிலியர்கள்தான். இடம் மட்டுமே மாறியது.

ஆகவே பள்ளியா, சுகாதார நிலையமா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. என் கேள்வி முகாம் நாளன்று பள்ளியில் இல்லாத பிள்ளையைப் பற்றியது. எங்கள் மலையில் அந்தப் பிள்ளை யார் என்பதை எந்த வகுப்பாசிரியரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பெண், யானை வழியில் நிற்கிறது என்று பாதி வழியில் திரும்பிப் போன பாடந்தொறைப் பக்கத்துப் பையன், அதிகாலையில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கேரட் அறுவடைக்குப் போய்விட்டு வகுப்புக்கு வர முடியாமல் தூங்குகிறவன், ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து இரண்டு எஸ்டேட் மாறிய குடும்பத்தின் பிள்ளை. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் முகாம் வைத்தால், மாவட்ட ஆட்சியர் மழை விடுமுறை அறிவித்த அன்று முகாமே கரைந்துபோகும். இவர்கள் எல்லோரும் தடுப்பூசியை மறுத்தவர்கள் அல்லர். அன்று வரவில்லை, அவ்வளவுதான். கணக்கில் மட்டும் வராதவரும் மறுத்தவரும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடுகிறார்கள். நோய் வந்தால் அதிகம் இழக்கப்போகிறவர்களும், பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் இருப்பவர்களே.

இரண்டாம் முறை வர முடியாததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, நான்கைந்து பிள்ளைகளுக்காகப் பத்துப் பேருக்கான மருந்துக் குப்பியை உடைத்தால் மிச்சம் வீணாகிவிடும் என்பது. தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்கு இது உண்மை. கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் அதைப் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும். டிடி ஊசிக்கு இது பொருந்தாது. முறையான குளிரில் வைத்து, திறந்த தேதியைக் குப்பியில் குறித்திருந்தால், 28 நாள்வரை அதையே பயன்படுத்தலாம் என்பது நடுவண் அரசு எப்போதோ வகுத்துவிட்ட நெறிமுறை. எங்கள் பகுதிச் செவிலியருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். அவருக்கு இல்லாதது நேரமும் வண்டியும்தான். ஒரு துணை சுகாதார நிலையத்தின் கீழ் எத்தனை ஹட்டிகள் (படுகர் ஊர்கள்), எத்தனை லைன் வீடுகள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), அவற்றுக்கிடையே எத்தனை கொண்டை ஊசி வளைவுகள் என்று வரைபடத்தைப் பார்த்தாலே புரியும். அவர்மீது குற்றம் சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. இரண்டாம் வருகைக்கான வண்டிச் செலவு திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பையன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெண்களுக்குப் பதினாறு வயது டிடி தவறினாலும் பிற்காலத்தில் கர்ப்பகாலத்தில் அது கிடைத்துவிடும். பத்தாம் வகுப்புக்கு முன்னரே நின்றுவிட்ட பையனைத் தேடி எந்தத் திட்டமும் வருவதில்லை. அவன் கவாத்துக் கத்தியோடும், உரம் போட்ட மண்ணோடும், துருப்பிடித்த தகரத்தோடும் வேலை செய்கிறவன். ரணஜன்னிக்கு அவனைவிட வாய்ப்பானவர் யார்? கையைக் கிழித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகும் நாள்தான் அவனுடைய தடுப்பூசி நாளாக இருக்கிறது.

இனி எச்பிவி. 14 வயதுச் சிறுமியருக்கு இந்தத் தடுப்பூசியைப் படிப்படியாகப் போடப்போவதாகத் தமிழக அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்து, 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதை நான் முழுமனதாக வரவேற்கிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்பிவி என்ற வைரஸால் வருகிறது. அதில் பத்தில் ஏழுக்குக் காரணமான 16, 18 என்ற இரு வகைகளையும் இந்த ஊசி தடுக்கிறது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களிடையே இந்தப் புற்றுநோய் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்று 2024-இல் வெளியான ஆய்வு சொன்னது. புனேயில் தயாராகும் செர்வாவாக் என்ற எச்பிவி தடுப்பூசி 2023-இல் சந்தைக்கு வந்தபோது ஒரு தவணை ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். ஊட்டி, குன்னூர் விடுதிப் பள்ளிகளில் படிக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய தொகையன்று. லைன் வீட்டுக்கு அது பல நாள் கூலி.

ஆனால் இந்த ஊசிக்கு நம் நாட்டில் ஒரு பழைய காயம் உண்டு, அதை மறைத்துவிட்டு மலைக்கு வரக்கூடாது. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும் ஆயிரக்கணக்கான சிறுமியருக்கு ஒரு செயல்விளக்கத் திட்டமாக இது போடப்பட்டது. ஏழு சிறுமியர் இறந்த செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்கு ஊசி காரணம் அல்ல என்றே விசாரணை முடிவு வந்தது. ஆனால் ஒப்புதல் பெற்ற விதத்தை 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. ஆந்திரத்தில் பார்வையிடப்பட்ட 9,543 படிவங்களில் 2,763-இல் கையெழுத்திட்டிருந்தவர்கள் பெற்றோர் அல்லர், விடுதிக் காப்பாளர்கள். அவர்களில் பலர் பழங்குடிப் பிள்ளைகளின் விடுதிகளைச் சேர்ந்தவர்கள்.

நம் மாவட்டத்திலும் இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் படிக்கும் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளை விடுதியில் இருக்கும், பெற்றோர் காட்டோரப் பாடியில் இருப்பார்கள், கைபேசிக் கோபுரம் எட்டாது. காப்பாளரே கையெழுத்திட்டுவிடுவது அவ்வளவு எளிது. அது நடக்கவே கூடாது. எத்தனை நல்ல ஊசியாக இருந்தாலும், கேட்காமல் போட்டது என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் அடுத்த பத்தாண்டுக்கு எந்தச் செவிலியரையும் அந்த ஊருக்குள் விடமாட்டார்கள். ஒப்புதல் கேட்பதற்கு நல்ல நாள் விடுதிப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப்போகப் பெற்றோர் வரும் நாள்தான்; அவர்கள் பேசும் மொழி தெரிந்த ஒருவரை அன்று பள்ளியில் உட்கார வைத்தால் போதும். சாதாரணப் பள்ளிகளிலும் முகாமுக்கு முந்தைய மாலை படிவத்தைக் கொடுத்து மறுநாள் காலை திருப்பி வாங்குவது ஒப்புதல் ஆகாது. எங்கள் மாணவர்கள் முன்னேற்ற அறிக்கையில் அப்பாவின் கையெழுத்தை எத்தனை நேர்த்தியாகப் போடுகிறார்கள் என்பது ஆசிரியர்கள் அனைவருக்கும் தெரிந்த ரகசியம்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகள் என்ன செய்தன என்பதைத் தமிழகம் முழுவதும் பார்த்தோம். பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். முகாமின் கடைசித் தேதியைத் தள்ளிவைக்க நேர்ந்தது. பிள்ளை பெற முடியாமல் போய்விடும் என்ற அதே வதந்தி எச்பிவி ஊசிக்கும் வரும். அப்போது பெற்றோர் போய்க் கேட்பது மருத்துவரிடம் அன்று, வகுப்பாசிரியரிடம். அவருக்கு யாராவது முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டும். சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தைப் படித்துக்கொள்ளச் சொல்வது விளக்கம் ஆகாது.

இன்னொன்று, பார்ப்பதற்குச் சிறியது. பதின்வயதினர் ஊசிக்குப் பின் மயங்கி விழுவது எல்லா நாட்டிலும் நடப்பது. பயத்தாலும் வெறும் வயிற்றாலும் வருவதே பெரும்பாலும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். எங்கள் உயர்நிலை வகுப்புப் பெண்களில் பலர் கறுப்புத் தேநீரை மட்டும் குடித்துவிட்டு மேடேறி வருகிறவர்கள். அவர்களைக் காலை பத்து மணிக்கு வரிசையில் நிற்க வைத்து, முன்னால் நிற்பவள் அழுவதைப் பார்க்க வைத்தால், ஒருத்தி விழுவாள். அவளைப் பார்த்து இன்னும் இருவர் விழுவார்கள். மாலைக்குள் அது பந்தலூர்வரை செய்தியாகிவிடும். கொலம்பியாவின் கார்மென் தெ பொலிவார் என்ற ஊரில் 2014-இல் பள்ளிச் சிறுமியர் கூட்டமாக மயங்கியபோது, ஊசி காரணமல்ல என்று நிறுவப்பட்ட பிறகும் அந்நாட்டில் எச்பிவி தடுப்பூசி போட்டுக்கொள்வோர் வெகுவாகக் குறைந்துபோனார்கள். சத்துணவுக்குப் பிறகு முகாமைத் தொடங்குவது, தனி அறையில் உட்கார வைத்துப் போடுவது, கால் மணி நேரம் எழ விடாமல் பார்த்துக்கொள்வது: இவற்றுக்குப் பணமே வேண்டாம்.

குளிர்ப்பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊட்டியில் எதற்கு ஐஸ் என்று விளையாட்டாகக் கேட்பவர்கள் உண்டு. டிடியும் எச்பிவியும் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டியவை. சூட்டைவிட உறைந்துபோவதுதான் அவற்றுக்குக் கேடு, உறைந்தால் மருந்து பயனற்றது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உள்ளூரார் கவனிக்க வேண்டியது இதுதான். 1907 முதல் பாஸ்டியர் நிறுவனம் இருக்கும் குன்னூர் மலைக்கு இதை நான் சொல்வது சற்று அதிகப்பிரசங்கித்தனம்தான்.

இவையெல்லாம் மலையில் நடக்காது என்று சொல்பவர்களுக்கு 2021 ஜூன் மாதத்தை நினைவூட்டுகிறேன். கொரோனாத் தடுப்பூசிக்குப் பயந்து காட்டுக்குள் ஓடியதாகச் செய்தி வந்த அதே பழங்குடி ஊர்களில், சில வாரங்களில் 18 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் தவணை போடப்பட்டது. முகாமுக்கு வரச் சொல்லிக் காத்திராமல் ஊர் ஊராகப் போனார்கள். அந்த ஊர்க்காரர்களையே முதலில் போட்டுக்கொள்ளச் செய்து பேச வைத்தார்கள். ருவாண்டா 2011-இல் எச்பிவி ஊசியைப் பள்ளிகளில் தொடங்கியபோதும், பள்ளிக்கு வராத சிறுமியரை ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு தேடிப் பிடித்தது. 90 விழுக்காட்டுக்கு மேல் எட்டியது.

நான் கேட்பது அவ்வளவு பெரிதும் இல்லை. இசைவுப் படிவத்தில் முகாம் தேதிக்குக் கீழேயே, நான்கு வாரத்துக்குள் வரும் இரண்டாவது தேதியையும் அச்சிட வேண்டும். முகாம் முடிந்த மாலையே விடுபட்டவர் பட்டியலை வகுப்பாசிரியர் செவிலியரிடம் கொடுக்க வேண்டும். இடைநின்ற பிள்ளைகளின் பெயர்களும் அதில் இருக்க வேண்டும், ஏனெனில் அந்தப் பெயர்கள் பள்ளியிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை முகாமே வேண்டாம். பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு வாரத்திலும் வேண்டாம். காய்ச்சல் வந்தால் தேர்வு போய்விடும் என்று அப்போது மறுக்கிற பெற்றோரிடம் நான் எப்படி வாதாடுவது? உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது, முகாம் எப்போது என்று கேட்பதோடு நிற்காமல், அன்று வராத பிள்ளைகளுக்கு எந்தத் தேதி என்றும் கேளுங்கள்.